குதிகால் டீச்சரும் இரண்டு ஜோடிக் கட்டையும்

குதிகால் டீச்சருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. புருஷன் "இந்தா" என்பார், மகள் "அம்மா" என்பாள், மற்ற எல்லோருக்கும் அவள் குதிகால் டீச்சர். வாயைத் திறந்தால் குதிகால், மூடினால் குதிகால் என்று இருப்பவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

"குதிகால் வெளிய தொங்குது பாருங்க. முழுப் பாதத்தையும் பலகை மேல வைங்க. நுனியில நின்னு யாருக்கு வித்தை காட்டறீங்க?"

காலையில் மண்டபத்து மாடியில் பாட்டு ஆரம்பித்ததும் இந்தக் குரலும் ஆரம்பித்துவிடும். கீழே தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள்கூட ஒரு நிமிடம் தங்கள் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார்கள். மேலே இருக்கிறவர்கள்தான் பார்ப்பதில்லை.

அவள் சொல்லிக்கொடுப்பது ஸ்டெப் ஏரோபிக்ஸ். கணுக்காலுக்குச் சற்று மேலே வருகிற ஒரு பிளாஸ்டிக் பலகை. பாட்டுக்குத் தக்கபடி அதன்மேல் ஏற வேண்டும், இறங்க வேண்டும், குறுக்கே தாண்ட வேண்டும், ஒரு முழங்காலைத் தூக்கி இறக்க வேண்டும். அவ்வளவுதான். மாடிப்படி ஏறத் தெரிந்த எனக்கு இது தெரியாதா என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் சேர்கிறார்கள். அங்கேதான் வம்பே. மாடிப்படியில் யாரும் தாளத்துக்கு ஏறுவதில்லை. பக்கத்தில் இருப்பவளைவிட உயரமாக ஏறிக் காட்ட வேண்டும் என்று பல்லைக் கடிப்பதும் இல்லை.

டீச்சர் இந்த வேலைக்குப் பிறந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலைப் பிடித்து அளவு பார்த்து, பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டு, எதையும் வாங்காமல் எழுந்து போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற வேலை. மகள் பிறந்தபின் உடம்பு கனத்தது, மூச்சு வாங்கியது. யாரோ சொன்னார்கள் என்று இந்த மாடிக்கு வந்தாள். அப்போது சொல்லிக்கொடுத்தவள் ஓர் இளம் பெண். மான் மாதிரி துள்ளுவாள். பேசிக்கொண்டே ஏறுவாள், சிரித்துக்கொண்டே இறங்குவாள், பலகையைப் பார்க்கவே மாட்டாள்.

ஒருநாள் அப்படித்தான் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே பின்பக்கமாகத் துள்ளி இறங்கினாள். ஒரு கால் பலகையின் விளிம்பில் பாதிதான் இருந்தது, குதிகால் காற்றில். படக்கென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாளாம் அந்தப் பெண். பின்னால் யாரும் இல்லை. குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநார் அறுந்துபோயிருந்தது. அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுபோனது செருப்புக் கடைக்காரிதான். அந்தச் சத்தம் இன்றுவரை அவள் காதை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் அந்தப் பெண் வரவில்லை. வகுப்பு கலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று கொஞ்ச நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் நின்றவள், ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, தலைமுடி நரைக்கிற வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டாள்.

ஆகவே அவளுக்கு நடனம் இரண்டாம் பட்சம். யாரும் விழக் கூடாது, அதுதான் முதல். ஷூ கயிற்றை இரட்டை முடிச்சுப் போடச் சொல்வாள். இறங்கும்போது பலகைக்குக் கிட்டத்திலேயே இறங்கு, எட்டிக் குதிக்காதே, முதலில் முன்பாதம், அப்புறம் மெதுவாகக் குதிகால் என்பாள். பலகையின் முன்பக்கமாக இறங்கினால் திட்டுவாள். தரையில் ஒரு சொட்டு வியர்வை கிடந்தாலும் பாட்டை நிறுத்திவிட்டுத் துணியோடு ஓடுவாள். வேகமான பாட்டு வேண்டும் என்று கேட்டால் கேட்டவளை ஒரு பார்வை பார்ப்பாள், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இத்தனை கெடுபிடி உள்ளவளுக்குத் தலைவலியாக வந்து சேர்ந்தது கட்டை.

பலகையின் இரண்டு முனையிலும் அடியில் செருகுவதற்குப் பிளாஸ்டிக் கட்டைகள் உண்டு. ஒரு ஜோடி செருகினால் பலகை கொஞ்சம் உயரும், இரண்டு ஜோடி செருகினால் இன்னும் உயரும். யாருக்கு எவ்வளவு உயரம் என்பதற்கு ஒரே கணக்குதான். ஒரு காலைப் பலகை மேல் வைத்தால் முழங்கால் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி மடங்கலாம், அதற்குமேல் மடங்கக் கூடாது. நெட்டையான ஆளுக்கு இரண்டு ஜோடி தாங்கும். குட்டையான ஆளுக்கோ முட்டி வலிக்காரிக்கோ வெறும் பலகையே போதும்.

இதை அவள் சொல்லாத நாள் இல்லை. ஆனால் என்றைக்கோ ஒருத்தி நன்றாகச் செய்தாள் என்று, "உனக்கு ஒரு ஜோடி கட்டை போடலாம்மா" என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான், அன்றோடு கட்டை பதவி ஆகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கட்டை கிடையாது, பின்வரிசை. கொஞ்ச காலம் ஆனால் ஒரு ஜோடி, நடுவரிசை. இரண்டு ஜோடிக்காரிகள் முன்வரிசை. அவர்கள் தண்ணீர் குடிக்கப் போனால்கூட மற்றவர்கள் வழி விடுவார்கள். யாருடைய பலகையிலிருந்தாவது டீச்சர் ஒரு ஜோடியை உருவினால் அவள் இரண்டு நாள் வரமாட்டாள். மூன்றாம் நாள் வந்து, தன் கையாலேயே கட்டையைச் செருகிக்கொள்வாள்.

இரண்டு ஜோடிக்காரிகளில் இரண்டு பேர் தலைவிகள். ஒருத்தி பேங்க்கம்மா. நெட்டையாக இருப்பாள், அவளுக்கு அந்த உயரம் பொருந்தும், அது தனி விஷயம். இன்னொருவர் டீச்சருடைய நாத்தனார். புருஷனுக்கு மூத்தவர். தபால் ஆபீசில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆளைப் பார்த்தால் டீச்சரின் தோளுக்கு வருவார். இரண்டு ஜோடிக் கட்டையின்மேல் ஏற அவர் முழங்காலை ஏறக்குறைய மார்பு வரைக்கும் தூக்க வேண்டியிருக்கும். ஏறுவார். முகத்தில் ஒரு சுருக்கம் விழும், உடனே சிரிப்பை இழுத்து ஒட்டிக்கொள்வார். வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து எழுந்தாலும் அவர் முட்டியைப் பிடித்துக்கொள்வது டீச்சருக்குத் தெரியும்.

"அக்கா, உங்களுக்கு வெறும் பலகையே போதும்க்கா. முட்டி தேஞ்சுடும்."

"என் முட்டியப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ பின்வரிசையப் பாரு."

வேறு யாராக இருந்தாலும் கட்டையைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசியிருப்பாள். புருஷனின் அக்காவிடம் வீச முடியுமா? அவர்கள் குடியிருப்பதே அந்த அக்கா வீட்டு மாடியில்.

இந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மா விழுந்தாள். அவளுக்கு அன்றைக்குத்தான் இரண்டாவது ஜோடி கிடைத்திருந்தது. கிடைத்தது என்றால், டீச்சர் வருவதற்கு முன்னால் தானே எடுத்துச் செருகிக்கொண்டாள். மூன்றாவது பாட்டில் கால் விளிம்பில் பட்டது, பலகை ஒருபக்கம் தூக்கியது, ஆள் பக்கவாட்டில் சரிந்தாள். மணிக்கட்டு பிசகிவிட்டது. தையல்காரிக்கு மணிக்கட்டு போனால் என்ன மிச்சம்? டீச்சர் அன்று பூராவும் சாப்பிடவில்லை.

மறுநாள் மண்டபத்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். வயிறு மேஜையின் விளிம்பில் சாய்ந்திருக்க, மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது விசேஷம் நடக்கற மண்டபம். ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல நின்னா எவன் புக் பண்ணுவான்? இன்னும் ஒரே ஒருத்தர் விழட்டும், மறுநாள்லேர்ந்து மாடிக்குப் பூட்டு. சொல்லிட்டேன்."

"இனிமே யாரும் விழ மாட்டாங்க சார்."

"விழறவங்க சொல்லிட்டா விழறாங்க?"

அந்த ஊரில் அவளுக்கு வேறு மாடி கிடைக்காது. கிடைத்தாலும் இத்தனை பலகைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? இந்த வகுப்பு போனால் மறுபடி செருப்புக் கடை ஸ்டூல்தான். அந்த ஸ்டூலில் இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா என்பதும் சந்தேகம்.

மாடிக்குப் போனாள். கண்ணில் பட்ட கட்டையையெல்லாம் பொறுக்கி, சாமான் அறையில் போட்டுப் பூட்டி, சாவியைத் தன் சாவிக்கொத்தோடு கோத்துக்கொண்டாள். தீர்ந்தது சனியன் என்று நினைத்தாள்.

தீரவில்லை. அடுத்த நாள் காலையில் அவள் உள்ளே நுழைந்தபோது முன்வரிசை வழக்கத்தைவிட உயரமாக நின்றது. பேங்க்கம்மா தச்சரிடம் சொல்லி மரத்துண்டு அறுத்துக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி பிள்ளைகளின் பழைய அகராதிகளை இரண்டிரண்டாக அடுக்கியிருந்தாள். நாத்தனாரின் பலகைக்கு அடியில் செங்கல். வெறும் செங்கல் தரையைக் கீறிவிடுமாம், அதனால் ஒவ்வொன்றுக்கும் பழைய தலையணை உறை போட்டு வாயைத் தைத்து வேறு வைத்திருந்தார். பொறுப்பான மனுஷி.

உறை போட்ட செங்கல் வழவழப்பான தரையில் எப்படி நிற்கும்? டீச்சர் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தாள். பலகை வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது.

"யாரைக் கொல்லப் பாக்கறீங்க?" என்றாள். "அக்கா, இது மேல ஏறி விழுந்திருந்தா இடுப்பு என்னாகும்? தையல்காரம்மா கையக் கட்டிக்கிட்டு வீட்ல உக்காந்திருக்காங்க, உங்களுக்கெல்லாம் புத்தி வர வேணாம்? இன்னொருத்தர் விழுந்தா வகுப்பே கிடையாதுன்னு மேனேஜர் சொல்லியாச்சு. நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்தறது என் வீட்டுச் சண்டைக்கா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷமாகப் பலகையைப் பாருங்கள் என்றபோது பார்க்காதவர்கள், இப்போது ஒழுங்காகக் கீழே பார்த்தார்கள். நாத்தனார் மட்டும் பார்க்கவில்லை. அவர் நேராகக் கையை நீட்டினார்.

"எங்க கட்டையெல்லாம் பூட்டினியே, அது என்ன?"

அவர் காட்டிய இடத்தில் டீச்சரின் பலகை இருந்தது. அதன் அடியில் மூன்று ஜோடிக் கட்டை.

டீச்சர் திகைத்துப்போனாள். அது எப்போதும் அங்கேயேதான் இருக்கிறது, அதனாலேயே அவள் கண்ணில் படவில்லை. மண்டபத்து மாடியில் மேடை கிடையாது. பின்வரிசைக்காரிகளுக்குத் தன் கால் தெரிய வேண்டுமே என்று முன்னொரு காலத்தில் செருகியது. அவளும் அதன்மேல் முழுக்க ஆடுவதில்லை, ஓர் அசைவை ஏறிக் காட்டிவிட்டு இறங்கி வரிசைக்குள் நடக்கத் தொடங்கிவிடுவாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியணும்னு வச்சதுதான்க்கா அது."

"தெரிஞ்சுதே. எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்சுது," என்றார் நாத்தனார். அப்புறம் யாரும் எதிர்பார்க்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆபீஸ விட்டு வந்தப்புறம் நான் மேல போன ஒரே எடம் இந்தப் பலகைதான். சம்பளம் ஏறல, பதவி ஏறல, வயசுதான் ஏறுது. ரெண்டு ஜோடி வாங்க எனக்கு எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அதைப் போய் ஒரே நாள்ல பூட்டிட்ட."

டீச்சருக்குக் கோபம் கோபமாக வந்தது. நாத்தனார் மீது, பேங்க்கம்மா மீது, அகராதி மீது. யோசிக்க யோசிக்கத் தன் மீதும். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. செங்கற்களை அவளே தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். படியில் இறங்கும்போதுகூட முழுப் பாதத்தையும் வைத்துத்தான் இறங்கினாள் என்பது வேறு கதை.

வீட்டில் புருஷன் ரொட்டிக் கம்பெனி வண்டியை ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். நடுவில் இரண்டு தடவை சிரித்துவிட்டு, முறைப்பு வாங்கிக்கொண்டார்.

"செங்கல்லுக்கு உறையா? எங்க அக்கா செஞ்சிருக்கும். அதுக்கு ஆபீஸ்ல நல்ல பேரு."

"உங்க அக்காவ நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நானா? சின்ன வயசுல அதுக்கிட்ட வாங்குன கொட்டு இன்னும் வலிக்குது. நீ ஏன் உன் கட்டைய எடுத்துடக் கூடாது?"

"எடுத்தா பின்வரிசைக்கு என் காலு தெரியாது. காலு தெரியலன்னா தப்பா வைப்பாங்க. தப்பா வச்சா விழுவாங்க."

"அப்ப நீ அங்க போய் நில்லேன். முன்னாடியே நிக்கணும்னு என்ன இருக்கு?"

இத்தனை வருஷமாக இது தனக்குத் தோன்றாமல் போனதில் அவளுக்கு எரிச்சல். அதை ரொட்டி வண்டி ஓட்டுகிறவர் சொல்லிவிட்டாரே என்பதில் அதைவிட எரிச்சல். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவி வைத்தாள்.

மறுநாள் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்து, எல்லோரும் பார்க்க, தன் பலகையின் அடியிலிருந்து மூன்று ஜோடிக் கட்டையையும் உருவினாள். ஒன்று இறுகிப்போய் வர மறுத்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத்தான் எடுத்தாள். வெறும் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்தின் நடுவில் போட்டாள்.

"என்னைச் சுத்தி நில்லுங்க. முன்வரிசை, பின்வரிசை எல்லாம் இனிமே கிடையாது. நான் எந்த உயரமோ எல்லாரும் அந்த உயரம்."

முணுமுணுப்பு எழுந்தது. நாத்தனார் அந்த வெறும் பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் பலகையை இழுத்துக்கொண்டு வந்து டீச்சருக்கு எதிரில் போட்டு, ஏறினார். முகத்தில் சுருக்கம் விழவில்லை. இறங்கினார். மறுபடி ஏறினார். அவர் முட்டிக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். பாட்டு முடிந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னார்.

"தரையோட பண்றதும் ஒரு மாதிரி கஷ்டமாத்தான் இருக்கு. ஒழுங்காப் பண்ணா."

டீச்சர் அதைப் பெரிய வெற்றி என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கொஞ்ச நாள் அவள் குரல்கூட இறங்கியிருந்தது. குதிகால்கள் அப்போதும் பாதி வெளியேதான் தொங்கின, அதை விடுங்கள். ஆனால் விழுந்தாலும் அடிபடாத உயரம். சாமான் அறையின் பூட்டைக்கூடத் திறந்து வைத்துவிட்டாள், இனி யார் தொடப்போகிறார்கள் என்று.

அப்போது பார்த்து மகள் வீடு மாறினாள். சாமான் கட்டவும் பிரிக்கவும் அம்மா வேண்டும். டீச்சர் ஒரு வாரம் போய் வர வேண்டியதாயிற்று. வகுப்பை யாரிடம் விடுவது? நாத்தனார் தானே முன்வந்தார்.

"வெறும் பலகைதானக்கா. யாருக்கும் கட்டை வேணாம்."

"எனக்குச் சொல்றியா? நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியாப் போ."

நிம்மதியாகத்தான் போனாள். திரும்பி வந்த அன்று மாடிப்படியில் ஏறும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது, அதே மெதுவான பாட்டு. நாத்தனார் நன்றாகத்தான் நடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

வட்டம் இருந்தது. வட்டத்தில் எல்லோருடைய பலகையும் தரையோடு இருந்தது. அதுவரைக்கும் சரி. ஆனால் வட்டத்துக்கு வெளியே, சுவர் ஓரமாக, ஒரு பலகை மட்டும் தனியாக உயர்ந்து நின்றது. சாமான் அறையிலிருந்து எடுத்த மூன்று ஜோடிக் கட்டை. அதன்மேல், தோல் செருப்போடு, இரண்டு கையையும் காற்றில் விரித்துக்கொண்டு, மண்டபத்து மேனேஜர்.

அவருக்கு டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்லியிருந்தாராம். மாடியிலேயே வகுப்பு இருக்கும்போது வேறெங்கே போவது என்று அன்றைக்குத்தான் சேர்ந்தாராம். இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அந்த நிமிடத்தில் டீச்சருக்குத் தெரிந்தது அவருடைய வலது குதிகால் மட்டும்தான். அது முழுசாகப் பலகைக்கு வெளியே, காற்றில் நின்றது. பல வருஷத்துக்கு முன் கேட்ட அந்தப் படக் என்ற சத்தம் அவள் காதுக்குள் ஒருமுறை கேட்டுவிட்டு அடங்கியது.

கத்தவில்லை. கத்தினால் அவர் திரும்பிப் பார்ப்பார், திரும்பினால் விழுவார். சுவரை ஒட்டி வேகமாக நடந்துபோய், முதலில் அவர் முழங்கையைப் பிடித்தாள், அப்புறம் முதுகில் கை வைத்தாள்.

"சார், ஏறினது போதும். என் கையப் பிடிங்க. எட்டி வைக்காதீங்க, பலகைக்குக் கிட்டக்கவே காலை வைங்க. முன்பாதம். ஆங். இப்பக் குதிகால்."

மேனேஜர் தரைக்கு வந்தார். வியர்வை தாடையிலிருந்து சொட்டியது.

"பேங்க்கம்மா," என்றாள் மூச்சை அடக்கிக்கொண்டு. "யாரு இவருக்குக் கட்டை போட்டது?"

"புதுசு இல்லையா டீச்சர்?" என்றாள் பேங்க்கம்மா, இதிலென்ன கேள்வி என்பதுபோல. "வந்தவுடனே தரையோட விட்டுட முடியுமா? உங்கள மாதிரி கட்டை இல்லாமப் பண்றதுன்னா கொஞ்ச வருஷமாவது ஆக வேணாமா? மூணு ஜோடியில ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா எடுக்கலாம்னு அக்காதான் வச்சிருக்காங்க."

டீச்சர் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றார். தரையோடு தரையாகக் கிடந்த அவருடைய பலகை அவரை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தது என்பது அப்போதுதான் டீச்சருக்கு விளங்கியது. எத்தனை கட்டையைப் பூட்டினாலும், எத்தனை கட்டையை உருவினாலும், இவர்கள் நிற்க ஓர் உயரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது. யாரையாவது ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போலவும் இருந்தது.

இரண்டையும் செய்யவில்லை. குனிந்து, மேனேஜருடைய பலகையின் அடியிலிருந்து மூன்று ஜோடியையும் சரசரவென்று உருவிப் போட்டாள்.

"நாளைக்கு ஷூ போட்டுக்கிட்டு வாங்க சார். கயிறு இரட்டை முடிச்சு. இன்னைக்கு இந்த வெறும் பலகையில மெதுவா ஏறி இறங்குங்க."

மேனேஜர் தரையில் உருண்ட கட்டைகளைப் பார்த்தார், பேங்க்கம்மாவைப் பார்த்தார், தன் பலகையைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது.

"மொத நாளே மூணையும் எடுத்துட்டீங்களேம்மா. அவ்வளவு நல்லாவா பண்ணினேன்?"

வட்டத்தில் எல்லோரும் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். பாட்டு மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அநியாயம்," என்றார் நாத்தனார். "வந்த அன்னைக்கே ஒருத்தருக்கு எல்லாத்தையும் எடுக்கறதுன்னா, நாங்கள்லாம் இத்தனை வருஷம் எதுக்கு ஏறி எறங்கினோம்?"

"விழாம இருக்கத்தான்க்கா," என்றாள் டீச்சர். "வேற எதுக்கும் இல்ல."

நாத்தனார் தன் பலகைக்குத் திரும்பினார். காலைத் தூக்கினார், அத்தனை கோபத்தையும் சேர்த்துப் பலகை மேல் வைத்தார். பேங்க்கம்மா வைத்தாள். கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி வைத்தாள். வட்டம் முழுக்க ஒரே வீம்பாக ஏறி இறங்கத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. வட்டத்துக்கு வெளியே மேனேஜர் மட்டும் சந்தோஷமாக, ரொம்ப மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார்.

டீச்சர் வழக்கம்போல வாயைத் திறந்துவிட்டுக் கீழே பார்த்தாள். சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு குதிகால் பாக்கியில்லாமல் எல்லாம் பலகையின்மேல் முழுசாகப் பதிந்திருந்தன. அவ்வளவும் அவள் மேல் இருந்த ஆத்திரத்தில்.

"மெதுவா வைங்க," என்றாள். "முட்டிக்கு ஆகாது."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் சாமான் அறைக்குப் போய், கட்டைகளை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, தரையில் மேனேஜரின் வியர்வை சொட்டியிருந்த இடத்தைத் துடைக்கத் துணியோடு வந்தாள்.